ரிலே அணையும்போது ஆர்டுயினோ ஏன் தானாக ரீசெட் ஆகிறது?

ஆர்டுயினோ என்பது நாம் எழுதும் நிரலை இயக்கும் சின்னக் கணினிப் பலகை. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். உள்ளே உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் ‘டிக்’ என்று தொடுமுனைகள் சேரும், நின்றால் பிரியும். சிக்கல் பெரும்பாலும் அந்த நிற்கும் நொடியில்தான்.

ஓடும் பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்வார்கள் அல்லவா? சுருளில் ஓடிய மின்னோட்டமும் அப்படித்தான், சட்டென்று நிற்க மறுக்கிறது. காந்தப்புலம் சரியும்போது, 5 வோல்ட் ரிலேயில்கூட 100 வோல்ட்டைத் தாண்டும் எதிர்த்திசை மின்னழுத்தம் எழலாம். அது சுருளுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரைப் பொசுக்கும். இல்லையென்றால் ஆர்டுயினோவைக் குழப்பி ரீசெட் செய்துவிடும்.

மருந்து மிக மலிவு: சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். வெள்ளிநிறக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். நான் ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டேன். ரிலே அசையவில்லை, டிரான்சிஸ்டர் விரலைச் சுட்ட பிறகுதான் கோட்டைக் கவனித்தேன். சுருளை நேரடியாக ஆர்டுயினோவின் பின்னில் (pin, இணைப்பு முனை) இணைக்கவும் வேண்டாம். அதற்குச் சுமார் 70 மில்லிஆம்பியர் தேவை. ஆர்டுயினோ உனோ ஆர்3 மாடலின் ஒரு பின் தாங்கும் உச்சமே 40.

ரிலே மாட்யூலிலேயே (ரிலே பொருத்தித் தயாராக வரும் பலகை) டயோடு இருக்கிறதே, போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். அது சுருளுக்கு மட்டும்தான், தொடுமுனையில் இணைத்த, ஒரே திசையில் சுழலும் டிசி மோட்டாருக்குத் தனி டயோடு வேண்டும்.