வாசகர் கேள்வி – பதில்: கொதித்து நிற்கும் மாணவனிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து கைப்பேசியைப் பறித்தபோது, அவன் மேசையைத் தள்ளிவிட்டுக் கத்தினான், நானும் பதிலுக்குக் கத்தினேன். வெளியே ஓடியவன் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. பிணைக்கைதிகளை மீட்கக் காவல்துறையினர் பேசும் முறை பள்ளிக்கும் உதவும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். துப்பாக்கி ஏந்தியவனிடம் பேசும் முறை ஒரு சிறுவனுக்கு எப்படிப் பொருந்தும்?
– ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நன்றாகவே பொருந்தும். எதிரில் இருப்பவர் எந்த நியாயமும் காதில் ஏறாத அளவுக்குக் கொதித்திருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் அந்த முறையின் சாரம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பிணை பிடிக்கப்பட்ட இஸ்ரேலிய வீரர்களை மீட்கும் முயற்சி பெரும் உயிரிழப்பில் முடிந்ததை அடுத்து, நியூயார்க் காவல்துறை 1973இல் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஹார்வி ஷ்லாஸ்பெர்க், துப்பறியும் அதிகாரியாக இருந்துகொண்டே உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவசரப்படாமல் பிணை பிடித்தவரைப் பேசவிட்டால், நேரம் போகப் போகக் கொதிப்பு தணியும் என்பதே அவர்களுடைய அணுகுமுறை. பின்னாளில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இதை ஐந்து படிகளாக வகுத்தது: கவனித்துக் கேட்பது, அவர் நிலையை உணர்வது, இணக்கம் ஏற்படுத்துவது, நம் சொல்லுக்கு மதிப்பு உண்டாக்குவது, கடைசியாக நடத்தை மாறுவது. நாமோ வகுப்பறையில் முதல் நான்கையும் விட்டுவிட்டு, எடுத்த எடுப்பிலேயே “மன்னிப்புக் கேள்” என்று ஐந்தாம் படியில் போய் நிற்கிறோம்.

பள்ளியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2013 ஆகஸ்ட் 20 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிகேட்டர் நகருக்கு அருகே, 800க்கும் மேற்பட்ட சிறுபிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்குள், 20 வயது இளைஞர் ஒருவர் துப்பாக்கியோடும் ஏறக்குறைய 500 தோட்டாக்களோடும் நுழைந்தார். அலுவலகத்தில் அவர் முன் இருந்தவர் கணக்கர் அன்டோனெட் டஃப். அந்த இளைஞர் வாழ்வதற்கு எதுவும் இல்லை என்றபோது, டஃப் வாதாடவில்லை. கணவர் பிரிந்துபோனபின் தாமும் உயிரை விட முயன்றதையும், இன்று வேலை பார்த்துக்கொண்டு வாழ்வதையும் சொன்னார். இளைஞரின் குடும்பப் பெயரைக் கேட்டதும், தம் தாயும் அந்தப் பெயர்க்காரரே என்று ஒட்டுறவு காட்டினார். இளைஞர் சொன்னவற்றைத் தொலைபேசியில் காவல்துறைக்குத் தெரிவித்து, சரணடைவது அவமானமில்லை என்று நம்பவைத்தார். அன்று அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் காயமில்லை. அந்தத் தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவைக் கேட்பவர்களுக்கு, இளைஞர் சரணடையும்வரை டஃபின் குரல் உயராமலிருந்தது மறக்காது.

இனி உங்கள் வகுப்பறைக்கு வருவோம். முதலில் கூட்டத்தை விலக்குங்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தச் சிறுவனும் இறங்கிவர மாட்டான். “வா, வராண்டாவில் நின்று பேசலாம்” என்று அழைத்துப்போய், நேருக்கு நேர் முறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். “ஏன் இப்படிச் செய்தாய்?” என்ற கேள்வி குற்றப்பத்திரிகை போலக் காதில் விழும், “என்ன நடந்தது?” என்றால் அவன் கதை சொல்லத் தொடங்குவான். அவனுடைய கடைசிச் சொற்களையே திரும்பச் சொல்வது மிகப் பயனுள்ள உத்தி. “அம்மா கூப்பிடுவாங்க, டீச்சர்” என்கிறான் என்று வையுங்கள், “அம்மா கூப்பிடுவாங்களா?” என்று மட்டும் கேட்டு நிறுத்தினால், அம்மா மருத்துவமனையில் இருப்பதோ வெளியூரில் வேலைக்குப் போயிருப்பதோ தானாக வெளியே வரலாம். பிறகு உணர்வுக்குப் பெயர் கொடுங்கள்: “எல்லார் முன்னாடியும் பிடுங்கினது உனக்கு அவமானமா இருந்திருக்கு, இல்லையா?” நீங்கள் ஊகித்தது தவறென்றால் அவனே திருத்துவான், திருத்தும்போதும் அவன் பேசத்தான் செய்கிறான். இடையில் மௌனம் விழுந்தால் அதை நிரப்ப முயலாதீர்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இதுதான் மிகக் கடினம், ஏனெனில் பேசிப் பேசியே பழகியவர்கள் நாம்.

அந்த மாணவனின் வீட்டுக்கு இந்த வாரமே போய்வாருங்கள். “அன்று நான் கத்தியது தவறு” என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

கேள்வி: இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் பள்ளியில் ஒழுங்கு என்னாகும்?
– தலைமையாசிரியர் ஒருவர், சேலம் மாவட்டம்

பதில்: கேட்பது வேறு, இசைவது வேறு. டிகேட்டரில் அத்தனை பரிவோடு நடத்தப்பட்ட இளைஞர் கைதுசெய்யப்பட்டார், வழக்கையும் சந்தித்தார். கைப்பேசி கூடாது என்ற விதி அப்படியே இருக்கட்டும். அதை நினைவூட்டும் நேரம் மட்டும் தள்ளிப்போகட்டும். உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆகவே பிரம்பு ஒரு மாற்று வழியே அல்ல. மாணவன் கையில் ஆயுதம் இருந்தால், ஆசிரியர் வீரம் காட்ட வேண்டியதில்லை. மற்றப் பிள்ளைகளை வெளியேற்றி 112ஐ அழையுங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, “யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் சொல்வேன்” என்று அழுகிறாள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள். நான் என்ன செய்ய?
– ஆசிரியை ஒருவர், மதுரை

பதில்: அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள். “உன் உயிருக்கு ஆபத்தென்றால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன், யாரிடம் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன்” என்று உள்ளபடியே கூறுங்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் தவறானது. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஆறுதலே ஏற்படுகிறது. “உனக்கு என்னம்மா குறை?” என்றோ, “அம்மா அப்பாவை நினைத்துப் பார்” என்றோ சொன்னால் அவள் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த எண்ணம் இருக்கிறது என்று அவள் சொன்னால், அவளைத் தனியே விடாமல், அவள் நம்பும் பெரியவர் ஒருவரை வரவழைத்து, அவள் பக்கத்திலிருந்தே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். அது இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. பாலியல் துன்புறுத்தல் வெளிப்பட்டால், போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது உங்கள் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அங்கே உதவும். மறுநாள் காலை, முதல் மணி அடிப்பதற்குள் அவளைத் தேடிப்போய், “ராத்திரி தூங்கினாயா?” என்று கேளுங்கள்.