13 சட்டைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேஸ்பால் பற்றிய குறிப்பில் பந்து வீசும் ஆக்டேவியோ டோடெல் 13 அணிகளுக்கு ஆடியதை வியந்து எழுதியிருந்தீர்கள். இதில் வியக்க என்ன இருக்கிறது? நன்றாக வீசியிருந்தால் ஏதாவது ஓர் அணி அவரைக் கையோடு வைத்திருக்காதா? ஊர் ஊராகத் தள்ளிவிடப்பட்ட ஆள்தானே?

கே., ஹூஸ்டன்

அன்புள்ள கே.,

ஹூஸ்டனில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! அவர் அதிக காலம் ஆடியது உங்கள் ஊருக்குத்தான்.

2003 ஜூன் 11, நியூயார்க். அந்த ஊர் யாங்கீஸ் அணிக்கு எதிராக, உங்கள் ஊர் ஆஸ்ட்ரோஸின் முதல் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ராய் ஆஸ்வால்ட் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தசைப்பிடிப்பால் வெளியேறினார். அப்புறம் ரிலீவர்கள், அதாவது நடுவில் வந்து வீசும் மாற்று பிட்சர்கள், ஐந்து பேர் மாறி மாறி வந்து, ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்து முதல் பேஸ் என்ற நிலையை எட்டும் அடிகூட, கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார்கள். எட்டாவது இன்னிங்ஸ் டோடெலுடையது. அதில் நான்கு பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அடிப்பவர் பந்தைத் தவறவிடுவது ஒரு ஸ்ட்ரைக்; மூன்று ஆனால் ஸ்ட்ரைக்அவுட். மூன்று அவுட்டோடு இன்னிங்ஸ் முடிந்துவிடுமே, நான்கு எப்படி? மூன்றாவது ஸ்ட்ரைக் பந்து, அடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் கையில் நிற்காவிட்டால், அடிப்பவர் முதல் பேஸுக்கு ஓடிப்பார்க்கலாம். யாங்கீஸின் அல்ஃபான்ஸோ சொரியானோ அப்படித்தான் ஓடித் தப்பினார். கணக்கில் ஸ்ட்ரைக்அவுட், களத்தில் நாட்அவுட். டோடெல் இன்னொருவரையும் வீழ்த்த வேண்டியதாயிற்று.

ரிலீவரின் பிழைப்பே இந்த ஒற்றை இன்னிங்ஸ்தான். மற்ற நேரமெல்லாம் ரிலீவர்கள் காத்திருக்கும் இடமான புல்பென்னில் உட்கார்ந்து, போன் மணி அடிக்கக் காத்திருப்பது. வேலை சிறிதென்பதால் இடம் மாற்றுவதும் சுலபம். கோப்பைக் கனவு கலைந்த அணி ஜூலை கடைசியில் ஆட்களைக் கைமாற்றிக் கடையைக் கட்டும். கனவு மிச்சமிருக்கும் அணி எட்டாவது இன்னிங்ஸுக்கு ஆள் தேடும். 2010 ஜூலை 31 அன்று பிட்ஸ்பர்க் அவரை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பியது. செப்டம்பரில் அங்கிருந்து கொலராடோ. ஒரே சீசனில் மூன்று சட்டை.

தள்ளிவிட்டார்கள் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்கவில்லை. 2005இல் முழங்கை அறுவை சிகிச்சை. பிறகு எந்த ஊரிலும் அவர் வேர்விடவில்லை. ஆனால் தேறாத கையை வாங்க 13 அணி வராது, கே. இந்த விளையாட்டில் அவ்வளவு ஏமாளிகள் இல்லை.

2011 ஜூலையில் டொராண்டோ அவரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிக் கோப்பை செயின்ட் லூயிஸுக்கு, வெற்றியாளர் மோதிரம் டோடெலுக்கும். அடுத்த ஆண்டு டெட்ராய்ட் சேர்ந்து 13 ஆனது, அப்போது அது சாதனை.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். அந்த 2011 பேரத்தில் கூடவே கைமாறியவர் எட்வின் ஜாக்சன் என்ற பிட்சர். சிகாகோவிலிருந்து டொராண்டோவுக்கு வந்து, அன்றைக்கே செயின்ட் லூயிஸுக்குப் போனார். டொராண்டோவுக்காக ஒரு பந்துகூட வீசவில்லை. 2019இல் அதே டொராண்டோவுக்கு நிஜமாகவே ஆடினார். அது அவருக்கு 14ஆவது அணி.