16 வயது மகனைத் திருத்தும் முகாமுக்கு அனுப்பலாமா?

ஒரு தாய் எழுதியிருக்கிறார். 16 வயது மகன் ஏழெட்டு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான், ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். போன வாரம் "நான் இல்லாம போனா உங்களுக்கு நிம்மதிதானே" என்றும் சொல்லியிருக்கிறான். தெரிந்தவர் ஒருவர், பிள்ளைகளைத் தங்கவைத்துத் திருத்தும் முகாம் இருக்கிறது, உடனே முன்பணம் கட்டுங்கள் என்கிறாராம். அனுப்பலாமா, இன்னும் எவ்வளவு நாள்தான் பொறுத்துப்போவது என்று கேட்கிறார்.

அனுப்பாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் அவன் சொன்னதைக் கவனிப்போம். கோபத்தில் உளறினான் என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே, அவன் தனியாக இருக்கும்போது, "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பெற்றோர் பயப்படுவது இயல்பு, ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆமாம் என்றானா, எப்படி என்று யோசித்தும் வைத்திருக்கிறானா, அப்பாயிண்ட்மென்டுக்கெல்லாம் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும்.

இந்த வயதில் மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வராது, எரிச்சலாகத்தான் வரும். அதனால்தான் வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தாமதமாகத் தூங்குவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகும். அதைவிட, அவனுக்குப் பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டுவிட்டானா, புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருக்கிறானா என்று பாருங்கள். கையில் கீறல் இருக்கலாம்.

சரி, முகாம். இதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்குப் பல இடங்களில் கமிஷன் உண்டு, அவர்கள் உங்கள் மகனை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே உரிமம் பெற்ற மனநல மருத்துவர் யார், பிள்ளையோடு தினமும் தனியாகப் பேச விடுவீர்களா, சொல்லாமல் வந்து பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும். மிரட்டித் திருத்துவது பலிக்காது என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் 1970-களிலிருந்தே பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய்ப் பயமுறுத்திப் பார்த்தார்கள். பிறகு கணக்கெடுத்தபோது, போகாதவர்களைவிடப் போய்வந்தவர்கள்தான் அதிகம் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். அப்படியும் இந்தக் கடையை இன்னும் யாரும் மூடவில்லை!

அவன் போனை எடுத்துப் பார்க்காதீர்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, உயிருக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் பார்க்கலாம். காரணம் என்றால் மார்க் குறைந்ததோ, யாரோடு பேசுகிறான் என்ற சந்தேகமோ, உங்கள் மனசு அடித்துக்கொள்வதோ இல்லை. சாவைப் பற்றிப் பேசியது, எழுதியது, தன்னைக் காயப்படுத்திக்கொண்டது, வெளியிலிருந்து யாரோ மிரட்டுவது, இவைதான். பார்த்தாலும் ஒளிந்து பார்க்காதீர்கள், "பயந்துபோய்ப் பார்த்தேன்" என்று அவனிடமே சொல்லிவிடுங்கள். அதில் காதல் கீதல் என்று வேறேதாவது தென்பட்டால் அதைப் பிறகு ஒருநாளும் ஆயுதமாக எடுக்கக் கூடாது. எடுத்தால் அதோடு அவன் உங்களிடம் பேசுவது நின்றது.

பொறுமை என்றால் சும்மா காத்திருப்பது இல்லை. தினமும் பத்து நிமிடம், பள்ளி, மார்க், போன் மூன்றையும் வாயில் எடுக்காமல் அவனோடு இருங்கள். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்து விசாரிக்க வேண்டாம், துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது பக்கத்தில் இருந்தால் போதும். அவன் "ம்" என்று மட்டும் சொன்னாலும் மறுநாளும் போங்கள்.

மனநல டாக்டரிடம் போவதுதான் பெரும்பாடு. பள்ளி கடிதம் கேட்கும், கவுன்சலர் டாக்டரைக் கைகாட்டுவார், டாக்டரிடம் தேதி கிடைக்கச் சில இடங்களில் மாதக்கணக்காகும், அதற்குள் பிள்ளை இன்னும் சரிந்திருப்பான். இந்த அழகில் 'சீக்கிரம் வாருங்கள்' என்று சுவரெல்லாம் போஸ்டர் வேறு! தேதி கேட்கும்போது "சரியாகப் படிக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லாதீர்கள், அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், வரிசை கொஞ்சம் நகரும். மாத்திரை எழுதினால் பலன் தெரியப் பல வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆரம்ப வாரங்களில் கூடுதலாகக் கண்காணியுங்கள், படபடப்போ சாவு எண்ணமோ கூடினால் அன்றே டாக்டருக்குத் தெரிவியுங்கள். முதல் ஒன்றிரண்டு சந்திப்பில் அவன் வாயே திறக்காவிட்டாலும் டாக்டரை மாற்ற வேண்டாம். ஆனால் அவனைத் தனியாக வைத்துப் பேசாமல் உங்களிடம் மட்டும் பேசி அனுப்புகிற டாக்டரை உடனே மாற்றிவிடுங்கள்.