வின் பேக்கர் யார்? – கேள்வி பதில்

கேள்வி: 1950களில் அமெரிக்காவில் மலிவு விலைக் குற்ற நாவல்களை எழுதிக் குவித்த வின் பேக்கர் ஓர் ஆண் என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன். பெண் என்கிறார்களே?

பதில்: பெண்தான். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் 1927இல் பிறந்த மேரிஜேன் மீக்கரின் புனைபெயர் அது. ஓர் இரவு தம்முடன் உணவருந்திய இருவரில் ஒருவரின் முதற்பெயரையும் மற்றவரின் குடும்பப் பெயரையும் ஒட்டி அதை உருவாக்கிக்கொண்டார்.

கேள்வி: அவர் இலக்கிய முகவராகவும், அதாவது எழுத்தாளர்களின் படைப்புகளைப் பதிப்பாளர்களிடம் சேர்ப்பிப்பவராகவும், இருந்தாராமே?

பதில்: இருந்தார், ஆனால் அவரிடம் இருந்த எழுத்தாளர்கள் அனைவரும் அவரேதான்! தம் எழுத்துக்கு முகவர் கிடைக்காத நிலையில், முகவர் என்று தம் பெயரையே அச்சிட்டுக்கொண்டு, வெவ்வேறு புனைபெயர்களில் எழுதிய கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவந்தார். இல்லாத எழுத்தாளர்களின் திறமையைப் பதிப்பாசிரியர்களிடம் நேரில் புகழ்ந்து பேசும் துணிவும் அவருக்கு இருந்தது.

கேள்வி: முதல் நாவல் குற்றக் கதை அல்லவே. பிறகு ஏன் அந்தப் பக்கம் திரும்பினார்?

பதில்: 1952இல் வெளிவந்த ‘ஸ்பிரிங் ஃபயர்’ இரு கல்லூரிப் பெண்களின் காதலைச் சொல்வது. அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது; ஆனால், ஆபாச நூலென்று அஞ்சல் துறை தடுத்துவிடும் என்று அஞ்சிய பதிப்பாசிரியர் மகிழ்ச்சியான முடிவு கூடவே கூடாது என்று நிபந்தனை விதித்திருந்தார். நேரடியாக மலிவுப் பதிப்பாக வரும் நூல்களை விமர்சகர்கள் பொதுவாகத் திரும்பிப் பார்க்காத அந்தக் காலத்தில், ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் குற்றப் புனைவுகளை மதிப்பிட்டுவந்த ஆந்தனி பௌச்சர் மட்டும் அவற்றையும் பொருட்படுத்தி எழுதினார். தம் எழுத்தும் மதிப்பிடப்பட வேண்டும் என்ற ஆசையே மீக்கரைக் குற்றக் கதைக்கு இழுத்தது. காசுக்காக மட்டும் எழுதியவர் என்று அவரை ஒதுக்குவது தவறு என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேள்வி: உண்மை வழக்குகளைப் பயன்படுத்தினாரா?

பதில்: நிறைய. 1954இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரு பள்ளிச் சிறுமியர், அவர்களுள் ஒருத்தியின் தாயைக் காலுறைக்குள் வைத்த செங்கல் துண்டால் அடித்துக் கொன்றனர்; ‘தி ஈவில் ஃப்ரெண்ட்ஷிப்’ (1958) அதிலிருந்து பிறந்தது. மிசிசிப்பியில் 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்ட மறு ஆண்டே, அதன் நிழலில் ‘டார்க் டோன்ட் கேட்ச் மீ’ வந்தது. கொலையாளி யார் என்ற புதிரில் அவருக்கு அக்கறை குறைவு; சாதாரண மனிதர் ஒருவர் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார் என்பதே அவருடைய கேள்வி.

கேள்வி: வருமானம்?

பதில்: அவருடைய நூல்களை வெளியிட்ட ‘கோல்டு மெடல்’ என்ற மலிவுப் பதிப்பு வரிசை, விற்ற பிரதிகளுக்கு அல்லாமல் அச்சிட்ட பிரதிகளின் கணக்குக்கே பணம் கொடுத்தது. 25 சென்ட் நூல்தான் என்றாலும், அச்சு எண்ணிக்கை லட்சங்களில் இருந்தது.

கேள்வி: இத்தனை பெயர்கள் எதற்கு? ஒளிந்துகொள்ளவா?

பதில்: ஓரளவுக்கு. பெரும்பாலும் ஒவ்வொரு பெயரும் ஒரு தனிக் கடை என்றே கொள்ளலாம். ஆன் ஆல்ட்ரிச் என்ற பெயரில் பெண்களை நேசிக்கும் பெண்களின் வாழ்வைப் பற்றிக் கட்டுரை நூல்கள் எழுதினார். 1972 முதல் இளையோருக்கு எழுதிய எம். இ. கெர் (M. E. Kerr) என்ற பெயரோ, மீக்கர் என்பதையே உச்சரிப்பில் உடைத்தது. குற்றப் புனைவு எழுத்தாளர் பாட்ரிசியா ஹைஸ்மித்துடனான தம் உறவைப் பற்றிய நினைவுக்குறிப்பைச் சொந்தப் பெயரில் 2003இல் வெளியிட்டார். மறுபதிப்புக்கு நெடுங்காலம் இசையாதிருந்த ‘ஸ்பிரிங் ஃபயர்’ அடுத்த ஆண்டு திரும்ப வந்தபோது, முன்னுரையில் மேரிஜேன் மீக்கர் பேசினார். அட்டையில் மட்டும் வின் பேக்கரே இருந்தார்.