ஆட்டிசமும் துக்கமும்: கேள்வி பதில்

கேள்வி: மாமனார் இறந்து இருபது நாளாகிறது. ஆட்டிசம் உள்ள என் பதினோரு வயது மகன் அழவே இல்லை. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தினமும் அதே அலமாரியில் வைக்கிறான். அவனுக்குப் பாசம் இல்லையா?

பதில்: பாசம் இருப்பதை உங்கள் கேள்வியே சொல்லிவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தம் உணர்ச்சியை இனங்கண்டு பெயர் சொல்வது கடினம். இதை அலெக்சிதைமியா என்பார்கள். நெஞ்சு கனப்பதும் சோறு இறங்காததும் தெரியும், அதற்குத் துக்கம் என்று பெயர் என்பது தெரியாது. ஆகவே அது வயிற்றுவலியாகவோ, தூக்கமின்மையாகவோ, சில மாதம் கழித்துச் சின்ன மாற்றத்துக்கும் வெடிக்கும் கோபமாகவோ வெளிப்படலாம். தாத்தாவோடு மாலையில் கடைக்குப் போகும் வழக்கம் இருந்திருந்தால் அதுவும் அவனுக்கு ஓர் இழப்பே. அதே நேரத்தில் அதே தெருவில் நீங்கள் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: "பாட்டி சாமியிடம் போய்விட்டார்" என்றோம். எப்போது வருவார் என்று மகள் ஓயாமல் கேட்கிறாள்.

பதில்: போனவர் திரும்புவார் என்றுதானே அவள் எண்ணுவாள்? "இறந்துவிட்டார், இனி மூச்சு விடமாட்டார், திரும்பி வரமாட்டார்" என்று ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்லுங்கள். "தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குழந்தை தூங்கவே அஞ்சும்.

கேள்வி: என் மகளும் அழவில்லையே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அவளை உலுக்கி "அழு" என்று சொல்லும் உறவினரைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பறையும் வெடியும் தாங்காத பிள்ளையை இழவு வீட்டிலிருந்து விலக்கி வைப்பதுதானே நல்லது?

பதில்: சத்தம், கூட்டம், சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்தால் தாங்க முடியாதுதான். காதடைப்பானும் பக்கத்து வீட்டில் ஓர் அமைதியான அறையும் ஏற்பாடு செய்யுங்கள்.

மறுப்பு: எனக்கு 34 வயது, ஆட்டிசம் உண்டு. அப்பா இறந்தபோது என்னைக் கேட்காமலே சித்தி வீட்டில் விட்டார்கள். முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

பதில்: நீங்கள் சொல்வதே சரி, பிள்ளையைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். என்ன நடக்கும் என்பதைப் படம் வரைந்து முன்கூட்டியே காட்டி, வருகிறாயா என்று கேளுங்கள். வந்தால், எந்த நேரத்திலும் அவனோடு வெளியேற ஒருவர் உடனிருக்கட்டும்.

கேள்வி: உணர்வில்லாதவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு?

பதில்: உணர்வில்லை என்பது தவறு என்று மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். தாமும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், புரியாமை இரு பக்கமும் உண்டு என்று 2012இல் எழுதினார். அவர்கள் துக்கத்தை நாமும்தான் படிக்கத் தவறுகிறோம்.

கேள்வி (34 வயதுக்காரர்): நான் இப்போது என்ன செய்வது?

பதில்: அன்று உடனிருந்த ஒருவரை உட்கார வைத்து, அப்பாவை யார் குளிப்பாட்டினார்கள், எந்த வேட்டி உடுத்தினார்கள், யார் யார் வாய்க்கரிசி போட்டார்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.