திரையில் ‘ட்ரூ’ வருகிறது, இஃப் ஏன் கேட்கவில்லை?

காரைக்குடி வாசகி ஒருவர் கேட்கிறார்: “அம்மாவின் பலகாரக் கடைக்காகப் பைத்தானில் சின்ன ப்ரோகிராம் எழுதுகிறேன். சரக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு). ஓட்டினால் திரையில் ட்ரூ (உண்மை) வருகிறது. ஆனாலும் இஃப் நிபந்தனை பொய் என்பதுபோல் எல்ஸ் பகுதிக்குப் போய் ‘சரக்கு இல்லை’ என்கிறது. ஏன்?”

நீங்கள் அனுப்பிய வரிகளைப் பார்த்தேன். ஃபங்ஷனின் கடைசி வரியில் ப்ரிண்ட் (திரையில் காட்டுவது) இருக்கிறது, ரிட்டர்ன் (கூப்பிட்ட இடத்துக்கு விடையைத் தருவது) இல்லை. கோளாறு அங்கேதான்.

உங்கள் ஊர்ப் பெரிய வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் வாங்க வந்தவர் காத்திருக்கிறார். தேன்குழல் 5 கிலோ இருக்கிறதா என்று பார்த்து வரத் தம்பியை அனுப்புகிறீர்கள். அவன் வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டையும் தாண்டி அடுப்படிக்குப் போய், டின்னைத் திறந்து பார்த்து, “இருக்கு” என்று அங்கேயே சொல்லிவிட்டுத் திரும்பி வந்து வாய் திறக்காமல் நிற்கிறான். ப்ரிண்ட் செய்வது இதைத்தான். அடுப்படியில் இருந்தவர்களுக்குக் கேட்டது, முகப்பில் இருக்கும் உங்களுக்குக் கேட்கவில்லை. அவன் வந்து உங்களிடம் சொல்வதுதான் ரிட்டர்ன். ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் பைத்தானில் ‘நன்’ (None, ஒன்றுமில்லை) என்ற மதிப்பைத் தரும். இஃப் அதைப் பொய்க் கணக்கில் சேர்த்துவிடும்.

ஆகவே அந்த வரியை இப்படி மாற்றுங்கள் (ரிட்டர்ன், இஃப் இரண்டையும் return, if என்று ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்):

ரிட்டர்ன் இருப்பு[பலகாரம்] >= அளவு

டின்னில் (இருப்பு) 7 கிலோ, கேட்டது (அளவு) 5 என்றால் இந்த ஒப்பீடே ட்ரூ ஆகிவிடும். ஃபங்ஷனுக்குள் தனியாக இஃப் வேண்டாம். கூப்பிடும் இடத்தில்:

இஃப் சரக்கு_உண்டா("தேன்குழல்", 5):

பின்னால் == ட்ரூ என்று ஒட்டவும் தேவையில்லை. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் ‘உண்டா’ என்று முடியும்படி பெயர் வையுங்கள், வரியைக் கேள்வியாகவே வாசிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

அப்புறம், அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். இஃப் சரக்கு_உண்டா: என்று மட்டும் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் தம்பி உள்ளே போகவே இல்லை. அப்படி ஒரு ஃபங்ஷன் இருப்பதையே இஃப் ட்ரூவாக எடுத்துக்கொள்ளும். டின் காலியாக இருந்தாலும் ஆர்டரை ஏற்றுவிடும். கடைக்கு இதுதான் பெரிய ஆபத்து. இருப்பதை இல்லை என்றால் ஒரு விற்பனை போகும். இல்லாததை இருக்கிறது என்றால், கல்யாண வீட்டார் வந்து நிற்கும்போது அம்மா என்ன பதில் சொல்வார்?

தேன்குழல் இருப்பை 0 என்று வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எல்ஸுக்குப் போனால் சரி.