பழைய மடிக்கணினியில் செயலியையும் ரேமையும் மாற்றலாமா?

பழைய மடிக்கணினியின் செயலியையும் நினைவகத்தையும் (ரேம்) மாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட முடியுமா என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, என்னிடம் 2012-இல் வெளிவந்த தின்க்பேட் டி430 இருக்கிறது. கோர் ஐ5-3320எம் செயலி, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். வினாத்தாள் தட்டச்சு செய்வதற்கும், பிரௌசரில் ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் திறந்து பாடக்குறிப்பு எடுப்பதற்கும், எப்போதாவது பாட வீடியோக்களைத் தொகுப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறேன். இப்போது எதைத் திறந்தாலும் நெடுநேரம் ஆகிறது. நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) உள்ள ஐ7 செயலியைப் போட்டால் சரியாகிவிடும் என்று பழுதுபார்ப்பவர் சொல்கிறார். செய்யலாமா? (ஓர் ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: உங்கள் மடிக்கணினியில் செயலியை மாற்ற முடியும். ஆனால் அதை முதலில் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மெதுவாக இயங்கும் கணினி ஏதோ ஒரு பாகத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அது எந்தப் பாகம் என்று தெரிந்துகொள்ளாமல் பணம் செலவழித்தால் அச்செலவு பெரும்பாலும் வீணாகும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று, கணினி திணறும் அந்த நிமிடத்தில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள். செயலி முப்பது நாற்பது சதவீதத்திலேயே இருக்க, மெமரி தொண்ணூறைத் தாண்டி, டிஸ்க் நூறில் நின்றால், குறை செயலியில் இல்லை. 4 ஜி.பி. ரேமும் ஹார்டு டிஸ்கும் உள்ள கணினியில் பெரும்பாலும் இந்த நிலைதான் தெரியும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் அதிலுள்ள தகவல்களில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. சுழலும் தகட்டில் ஒவ்வொரு முறை இடம் தேடவும் பல மில்லி விநாடிகள் ஆகும். செயலியின் கணக்கில் அது மிக நீண்ட காத்திருப்பு. அந்த நிலையில் எவ்வளவு வேகமான ஐ7 செயலியைப் போட்டாலும், அதுவும் அதே டிஸ்குக்காகத்தான் காத்திருக்கும்.

ஆகவே முதலில் ரேமை உயர்த்துங்கள். டி430-இல் இரண்டு இடங்களில் 8 ஜி.பி. வீதம் 16 ஜி.பி. வரை போடலாம், உங்கள் வேலைக்கு 8 ஜி.பி. போதும், பிரௌசரை அதிகம் பயன்படுத்துவதால் 16 ஜி.பி. நிம்மதி தரும். ஒரே அட்டையாகப் போடுவதைவிட ஒரே அளவுள்ள இரண்டு அட்டைகளாகப் போடுவது நல்லது. அப்போது இரண்டு தடங்களிலும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில், செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியும் இதே ரேமைப் பயன்படுத்துவதால், அந்த வேறுபாடு வீடியோ வேலையில் கண்கூடாகத் தெரியும். கடையில் கேட்கும்போது மடிக்கணினிக்கான 204 முனை டிடிஆர்3 அட்டை, 1600 வேகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அட்டையின் மேல் பிசி3எல்-12800எஸ் என்று அச்சிட்டிருந்தால் அது 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகை, அதை 1.5 வோல்ட் கணினியிலும் பயன்படுத்தலாம் என்பதால் அதையே வாங்குவது நல்லது. இதற்கு நேர்மாறானது நடக்காது. நான்காம் தலைமுறை இன்டெல் செயலி (எண் 4-இல் தொடங்குவது; உங்களுடையது 3-இல் தொடங்குவதால் மூன்றாம் தலைமுறை) உள்ள மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டையே எதிர்பார்ப்பவை. இரண்டு வகைக்கும் வெட்டுப்பள்ளம் ஒரே இடத்தில் இருப்பதால் 1.5 வோல்ட் அட்டை அவற்றில் தடையின்றிப் பொருந்திவிடும், ஆனால் கணினி உயிர்பெறாது. 16 ஜி.பி. அளவுள்ள ஒற்றை டிடிஆர்3எல் அட்டைகளும் சந்தையில் உண்டு. உங்கள் மூன்றாம் தலைமுறைச் செயலியால் அவற்றைப் படிக்க முடியாது.

ரேமோடு சேர்த்து ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. (சுழலும் தகடு இல்லாத சேமிப்பகம்) ஒன்றைப் போட்டுவிடுங்கள். நீங்கள் செயலியைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆயினும் இதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது.

இவ்விரண்டையும் செய்த பிறகும் வீடியோ தொகுக்கும்போது செயலி நூறு சதவீதத்தில் நின்றால், அப்போது செயலியைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் ஐ5-3320எம் இரண்டு கோர் உடையது, 2.6 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 3.3 வரை செல்லும். டி430-க்குப் பொருந்தும் ஐ7-3632கியூஎம் நான்கு கோர் உடையது; 2.2-இல் தொடங்கி 3.2 வரை செல்லும். இரண்டின் வெப்ப அளவும் 35 வாட்தான் என்பதால் இருக்கும் ஹீட் சிங்க்கே (செயலியின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தாங்கும். எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள்: ஒரே ஒரு கோரை நம்பியிருக்கும் வேலைகளில் புதிய செயலி பழையதைவிட வேகமானது அல்ல, இம்மி அளவு பின்தங்கியும் இருக்கலாம். தட்டச்சு செய்வதிலும் ஒரு பக்கத்தைத் திறப்பதிலும் நீங்கள் எந்த மாற்றத்தையும் உணர மாட்டீர்கள். வீடியோவை இறுதி வடிவில் வெளியிடுவது போல, நான்கு கோர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கக்கூடிய வேலைகளில்தான் நேரம் கணிசமாகக் குறையும். 45 வாட் வகையான ஐ7-3630கியூஎம் போன்றவற்றையும் சிலர் போடச் சொல்வார்கள். மெல்லிய ஹீட் சிங்க்கில் அவை சூடேறித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் கூடுதல் வாட்டுக்கு உரிய பலன் கிடைப்பதில்லை.

மாற்றுவதானால், பழைய செயலி உள்ளே இருக்கும்போதே பயாஸை (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) கடைசிப் பதிப்புக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். இந்த மாடலில் விசைப்பலகையையும் அதன் கீழுள்ள கைதாங்கும் பகுதியையும் எடுத்த பிறகே விசிறியும் ஹீட் சிங்க்கும் தெரியும். சாக்கெட்டின் (செயலி உட்காரும் இடம்) ஓரத்தில் உள்ள திருகைத் தட்டை முனைத் திருப்புளியால் திருப்பினால் செயலி தளர்ந்துவிடும். இழுக்கவோ நெம்பவோ தேவையில்லை. முனைகள் அனைத்தும் செயலியின் அடிப்பக்கத்தில் இருப்பதால், புதியதை மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்துப் பொருத்தி, தன் எடையிலேயே உட்கார விட வேண்டும். அழுத்தித்தான் உட்காரும் என்றால் ஏதோ ஒரு முனை வளைந்திருக்கிறது என்று பொருள். பழைய தெர்மல் பேஸ்ட்டை (செயலிக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே பூசும் பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியதை மெல்லிதாக இடுங்கள். விசிறியில் படிந்த தூசியையும் அப்போதே அகற்றுங்கள். பல ஆண்டுகளாகத் திறக்காத மடிக்கணினியில், இந்தத் துப்புரவு மட்டுமே பழைய செயலிக்குக்கூட இழந்த வேகத்தைத் திருப்பித் தருவதுண்டு.

கேள்வி: பென்டியம் 2020எம் செயலியுடன் வாங்கிய என் மடிக்கணினியில், பழைய கோர் ஐ5-3210எம் ஒன்றை வாங்கிப் போட்டேன். நன்றாகத்தான் இயங்குகிறது, ஆனால் சரியாக அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ஹீட் சிங்க்கை இரண்டு முறை கழற்றி மாட்டியும் பயனில்லை. (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நீங்கள் ஹீட் சிங்க்கை எத்தனை முறை கழற்றினாலும் இது தீராது, ஏனெனில் இது சூட்டினால் வருவதன்று. சூட்டினால் அணையும் கணினி வேலைப்பளுவைப் பொறுத்து ஒருநாள் பத்து நிமிடத்திலும் மறுநாள் ஒரு மணி நேரத்திலும் அணையும்; முப்பது நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டு அணையாது. உங்கள் மதர்போர்டில் இருப்பது எச்.எம்.70 சிப்செட்டாக (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) இருக்க வேண்டும். செலரான், பென்டியம் செயலிகளுக்காக மட்டுமே இன்டெல் வெளியிட்ட மலிவு சிப்செட் அது. சாக்கெட் ஒன்றே என்பதால் ஐ3, ஐ5, ஐ7 செயலிகளும் அதில் பொருந்தும், விண்டோஸும் திறக்கும். ஆனால் தனக்கு அனுமதிக்கப்படாத செயலி உள்ளே இருக்கிறது என்று கண்டதும், அரை மணி நேரம் கழித்து அது கணினியை அணைத்துவிடும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, மெயின்போர்டு பகுதியில் சவுத்பிரிட்ஜ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எச்.எம்.70 என்று இருந்தால் ஐ5-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பென்டியத்தையே மீண்டும் பொருத்துவதுதான் வழி. அந்தப் பணத்தை ரேமிலும் எஸ்.எஸ்.டி.யிலும் போடுங்கள். எச்.எம்.75, எச்.எம்.76, எச்.எம்.77 ஆகியவற்றுக்கு இந்தத் தடை கிடையாது. மூன்றாம் தலைமுறைப் பென்டியம் மடிக்கணினியில் செயலியை மாற்ற நினைக்கும் எவரும், பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது தின்க்பேட் டி420. டி430-க்கான மூன்றாம் தலைமுறைச் செயலியை அதில் போடலாமா? சாக்கெட் ஒன்றுதான் என்கிறார்களே? (ஒரு பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: சாக்கெட் ஒன்றுதான், ஆனால் நிறுவனம் தந்த பயாஸுக்கு மூன்றாம் தலைமுறைச் செயலியை அடையாளம் தெரியாது. கோர்பூட் என்ற திறமூல மென்பொருளை அந்த பயாஸுக்கு மாற்றாக எழுதினால் அவை இயங்கும். அதற்கு மதர்போர்டிலுள்ள சிப்பில் நேரடியாக எழுதும் கருவியும், தவறினால் மீட்கும் திறனும் வேண்டும். அந்த அனுபவம் உங்களுக்கு இல்லையென்றால் இரண்டாம் தலைமுறைக்குள்ளேயே நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: ஐ3-5005யூ உள்ள மடிக்கணினியில் ஐ7 போட எவ்வளவு ஆகும்? (ஓர் இல்லத்தரசி, திருச்சி)

பதில்: போட முடியாது. உங்கள் செயலி சாக்கெட்டில் செருகப்பட்டது அன்று, மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. இன்டெல் பெயரின் இறுதி எழுத்தைப் பார்த்தாலே இதைத் தெரிந்துகொள்ளலாம்: யூ, ஒய், எச்கியூ என்று முடிபவை பற்றவைக்கப்பட்டவை, இரண்டு முதல் நான்காம் தலைமுறை வரை எம், கியூஎம், எம்கியூ என்று முடிபவை பெரும்பாலும் கழற்றக்கூடியவை. ஐந்தாம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் எல்லாமே பற்றவைக்கப்பட்டவைதான். மதர்போர்டையே மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்தத் தொகைக்கு நல்ல நிலையிலுள்ள வேறொரு பழைய மடிக்கணினி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய காலத்தில் (2011) எனக்குக் கிடைத்த கணினியை இப்போது தம்பிக்குக் கொடுத்திருக்கிறேன். 2 ஜி.பி. ரேமை எடுத்துவிட்டு 8 ஜி.பி. போட்டோம். விண்டோஸ் 7 அதே 2 ஜி.பி.யைத்தான் பயன்படுத்துகிறது. அட்டை போலியா? விண்டோஸ் 11 போட்டால் சரியாகுமா? (ஒரு வாசகி, விழுப்புரம்)

பதில்: அட்டையைச் சந்தேகிக்கும் முன் விண்டோஸின் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று இருந்தால், எவ்வளவு ரேம் போட்டாலும் அது 2 ஜி.பி.க்கு மேல் தொடாது. அந்தப் பதிப்புக்கு வைக்கப்பட்ட எல்லை அதுதான். மற்ற 32 பிட் பதிப்புகளுக்கு எல்லை 4 ஜி.பி.; அதிலும் வன்பொருளுக்கான முகவரிகள் போக மூன்றரை ஜி.பி. அளவே கையில் நிற்கும். பயாஸ் திரையில் 8 ஜி.பி. என்று காட்டினால் உங்கள் அட்டை நல்ல அட்டையே. 64 பிட் இயங்குதளத்தை நிறுவினால் முழுவதும் பயனுக்கு வரும்.

விண்டோஸ் 11 உங்களுக்கு வழியன்று. இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவற்றை அது கேட்கிறது; ரேமையும் செயலியையும் மாற்றி அந்த நிபந்தனையை 2011-ஐ ஒட்டிய கணினியால் எட்ட முடியாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற 64 பிட் லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கொடுங்கள். 8 ஜி.பி. ரேமில் அது தாராளமாக இயங்கும். பிரௌசர், லிப்ரே ஆபிஸ், தமிழ்த் தட்டச்சு எல்லாம் அதில் உண்டு. ஒரு மாணவரின் படிப்புக்குப் பயன்படும் கணினி, இயங்குதளத்தின் காரணமாக மட்டும் மூலையில் கிடக்கக் கூடாது.

கேள்வி: ரிச்சி தெருவில் பழைய ரேம் வாங்கலாமா? என்னிடம் இருக்கும் 4 ஜி.பி. அட்டையோடு வேறு நிறுவனத்தின் 8 ஜி.பி. அட்டையைச் சேர்க்கலாமா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: சேர்க்கலாம். வகையும் வோல்ட்டும் ஒன்றாக இருந்தால் நிறுவனம் வேறாக இருப்பதால் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. வேகம் மாறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். இன்டெல் கணினிகளில் 4-உம் 8-உம் சேரும்போது முதல் 8 ஜி.பி. இரட்டைத் தடத்திலும் எஞ்சிய 4 ஜி.பி. ஒற்றைத் தடத்திலும் இயங்கும். டிடிஆர்3 அட்டைகளைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை, ரேம் எளிதில் தேய்ந்துபோகும் பாகமன்று. ஆனால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் பில்லில் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கி, ஓர் இரவு முழுவதும் சோதனை ஓடவிடுங்கள். ரேமில் உள்ள பிழை உடனே கணினியை நிறுத்திவிடாது. சேமிக்கும் கோப்புகளைச் சத்தமில்லாமல் சிதைத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த அட்டையை வைத்துக்கொள்ளாமல் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.